யோசனை மதிப்பெண்

வியாழனைச் சுற்றிவரும் கானிமீடு நிலவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்த புது நாங்குநேரி என்ற குடியிருப்பில், கடிகாரப்படி பொழுது விடிந்ததும் பெரியவர்கள் எல்லோரும் பொதுக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பெருமூச்சு பழகுவார்கள். பயிற்சி ஆசிரியை முன்னால் நின்றுகொண்டு, "நெத்தியச் சுருக்குங்க. இன்னும் கொஞ்சம். இப்ப மோட்டப் பாருங்க. ஆ, மூச்ச விடுங்க" என்று சொல்லித் தருவார். உடம்புக்கு நல்லது என்று யாரும் வருவதில்லை. பார்க்கிறவர்களுக்கு நாம் யோசிக்கிற மாதிரி தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காரணம் எழுத்தாட்டம். பூமியிலிருந்து வந்த முன்னோர்கள் மூன்று வருஷக் கப்பல் பயணத்தில் பொழுதுபோக்குக்கென்று கொண்டுவந்த ஒரே விளையாட்டு அது. நடுவர் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். அந்த இரண்டும் வருகிற ஆங்கிலச் சொற்களை ஆளுக்கொரு பலகையில் எழுதவேண்டும். புது நாங்குநேரியில் ஆங்கிலம் பேசுகிறவர் இப்போது ஒருவரும் இல்லை. ஆனால் ஆங்கிலச் சொல் தெரிந்தவன் அறிவாளி என்ற எண்ணத்தை மட்டும் முன்னோர்கள் பெட்டியில் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். மொழி வழியில் சிந்திவிட்டது. மரியாதை வந்து சேர்ந்துவிட்டது. எழுதிய சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது அங்கே பெரிய அநாகரிகம். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பல் சொந்தப் பல்லா என்று கேட்பதற்குச் சமம்.

சொல்லைத் தேடித் தருவதற்குத்தான் செவிமணி இருக்கிறதே. காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கும் நெல்மணி அளவுப் பொறி அது. குழந்தைக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் வைத்தே அதையும் பதித்துவிடுவார்கள். மருந்து வேளையைச் சொல்லும், எதிரே வருகிறவரின் பெயரை நினைவூட்டும். அதற்குள்ளே சொல்துழாவி என்று ஒன்றும் உண்டு. இரண்டு எழுத்தை மனசில் நினைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினால், குடியிருப்பின் பெரிய நினைவகத்திலிருந்து அலை வழியாகச் சொற்களை வாங்கி, வரிசையாகக் காதில் ஓதிவிடும்.

போட்டியில் துழாவியைத் தொடக்கூடாது, அதாவது அலை வழியாகச் சொல் வாங்கக்கூடாது என்பது விதி. தொடமாட்டேன் என்று எல்லோரும் முன்னோர்கள் எழுத்துப் பொறித்துக் கொண்டுவந்த ஆட்டக்கட்டையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பிறகு தொடுவார்கள். எல்லோரும் தொடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. எல்லோரும் முதலிடம் என்றால் பரிசை யாருக்குக் கொடுப்பது? அதற்காகப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் யோசனை மதிப்பெண். யார் முகத்தில் யோசனை அதிகமாகத் தெரிகிறதோ அவர் வென்றவர்.

பரிசு சாதாரணமானதல்ல. அந்தக் குடியிருப்பிலேயே ஜன்னல் வைத்த வீடு ஒன்றுதான். பாறையைத் துளைத்து, ஒரு முழம் தடிப்புக் கண்ணாடி போட்ட ஜன்னல். வெளியே பார்த்தால் வியாழன் முழுசாக, கல்யாண வீட்டு அண்டா மாதிரி தொங்கும். போட்டியில் வென்றவர் அடுத்த போட்டிவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம்.

அந்த வீட்டில் பல வருஷமாகக் குடியிருந்தவர் தளவாய். ஆவுடையப்பனின் சம்பந்தி.

ஆவுடையப்பன் விதைக் கிடங்கின் காவலர். நல்ல மனிதர், அதாவது, கெட்டவராக இருக்க வாய்ப்பு வராதவர். அவருடைய ஒரே மகளைத் தளவாயின் மகனுக்குக் கொடுத்திருந்தார். ஆவுடையப்பனின் மனைவி பகவதி, பூமியில் பணகுடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் சம்பந்தி வீட்டில் காப்பிக்குக் கூப்பிடுவார்கள். போனால் விருந்தாளிகளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்துவிட்டு, தளவாயும் அவர் மனைவியும் எதிரே உட்கார்ந்துகொள்வார்கள்.

"அடடா, சிவப்புப் பொட்டு இப்பத்தான் திரும்புது. நீங்க பாக்க முடியாமப் போச்சே சம்பந்தி" என்பார் தளவாய், காப்பியை உறிஞ்சிக்கொண்டு.

"திரும்பிப் பாத்தா என்ன?" என்று பகவதி ஒருமுறை கேட்டாள்.

"காப்பி சிந்திரும், மைனி. இங்க நெலவோட இழுப்பு கம்மிதான. சிந்துனா கீழ விழுகதுக்கே ரொம்ப நேரமாவும்."

வீட்டுக்கு வந்ததும் பகவதி சேலையைக் கூட மாற்றாமல் சொல்வாள். "ஏங்க, எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். செத்தா அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டுச் சாகணும்."

"நம்ம பிள்ளைதான் அங்க இருக்காள்லா. நீ போயி ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்."

"அவள அடுப்படியிலதான வச்சிருக்காவ. ஜன்னல் கூடத்துலல்லா இருக்கு."

ஆகவே ஆவுடையப்பனும் விடிந்தால் பெருமூச்சு வகுப்புக்குப் போனார். நெற்றியில் கோடு வரவழைக்கக் கற்றுக்கொண்டார். ஆனாலும் தளவாய் எங்கே, இவர் எங்கே! தளவாய் யோசிக்கும்போது நெற்றியின் இடப்பக்கத்து நரம்பை மட்டும் தனியாக எழுப்புவார். சரியான விடையைக் காது ஓதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலையை ஆட்டி, "இல்ல, இது இருக்காது" என்று தனக்குத்தானே முனகுவார். அந்த முனகலுக்கு மட்டுமே தனியாக மதிப்பெண் விழும்.

அந்த வருஷப் போட்டிக்குச் சில நாள் முன்னால் ஆவுடையப்பனின் செவிமணி செத்துப்போனது. விதைக் கிடங்கின் குளிரறைக்குள் காது மூடிய குல்லா இல்லாமல் போகக்கூடாது. குல்லாவைப் பகவதி துவைத்துப் போட்டிருந்தாள். இவர் ஒரு நிமிஷ வேலைதானே என்று வெறுந்தலையோடு போய், புட்டிகளைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். வெளியே வந்து தட்டினால் சத்தமில்லை. தேங்காயைத் தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்தார். வலித்ததுதான் மிச்சம். புதுச் செவிமணி பூமியிலிருந்து அடுத்த கப்பலில்தான் வரவேண்டும்.

போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. செவிமணி வேலை செய்யவில்லை, அதனால் வரவில்லை என்று சொன்னால், இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் ஆடினீரா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் அத்தனை பேரும் அதை வைத்து ஆடுகிறவர்கள்தான் என்றாலும் கேட்பார்கள். ஆகவே போனார்.

நடுவர் ஓர் எந்திரர். பெயர் சுடலை. எந்திரர்களுக்குக் காவல் தெய்வங்களின் பெயரை வைப்பது புது நாங்குநேரியின் வழக்கம். தெய்வம், எந்திரர் இருவருமே தூங்குவதில்லை என்பது ஒரு காரணம், சாப்பிடக் கேட்பது ஒருவர் மட்டும்தான் என்பது இன்னொரு காரணம். சுடலை கூடத்தின் நடுவில் நின்று, "கே, க்யூ" என்றது.

சுற்றிலும் பெருமூச்சு எழுந்தது. தளவாயின் நரம்பு எழுந்தது. ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் காதுக்குப் பின்னால் தட்டினார். உள்ளே சுடுகாட்டு அமைதி.

அப்போது அவருக்கு வாழ்க்கையில் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது. யோசனை வந்தது. கிடங்கில் தினமும் துடைக்கிற புட்டிகள் கண்முன் வந்தன. முன்னோர்கள் ஒட்டிய ஆங்கிலச் சீட்டு மேலே, பிறகு யாரோ எழுதிய தமிழ் கீழே. ஒவ்வோர் அடுக்காக மனசுக்குள்ளேயே நடந்தார். மூன்றாவது அடுக்கின் மூலையில், குட்டி ஆரஞ்சுப் பழத்தின் விதைப்புட்டி. கும்குவாட்! இரண்டு எழுத்தும் இருந்தன. பலகையில் எழுதி நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் பலகையின் பின்பக்கத்திலும் எழுதி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பனின் பலகையில் ஒரே ஒரு சொல். அதைவிட மோசம், யோசனை மதிப்பெண் பூஜ்யம். நிஜமாக யோசிக்கும்போது நெற்றி சுருங்கவில்லை; வாய் திறந்துகொண்டது, கண் எங்கேயோ குத்திட்டு நின்றது, கடைவாயில் கொஞ்சம் எச்சில்கூட. 'யோசித்த அறிகுறி எதுவும் இல்லை' என்று நடுவரின் மதிப்பெண் பலகையில் தெரிந்தது.

"என்னவே சம்பந்தி, உக்காந்த இடத்துலயே தூங்கிட்டீரு?" என்றார் தளவாய், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "கொட்டாவி வேற! ஈ காக்கா இல்லாத நெலவு, அதனால தப்பிச்சீரு."

வீட்டில் பகவதி சேலையை மாற்றிக்கொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் பேசியிருந்தால் ஆவுடையப்பனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை விதைக் கிடங்குக்குச் சுடலை வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீரே?"

"கேளு. கோவிச்சு உன்ன என்ன செய்ய முடியும்."

"நேத்து நீரு நெசமாவே யோசிச்சீரா?"

ஆவுடையப்பன் கதவைச் சாத்தினார். "ஏன், யாருகிட்டயும் சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒம்ம முகத்துக்கு எங்ககிட்ட அளவே இல்ல. அதான் பூஜ்யம் போட்டுட்டேன். பொறவு திரும்பத் திரும்பப் பாத்தேன். ஒம்ம காதுக்குப் பின்னால சூடே இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் தோசைக்கல்லு மாதிரி இருக்கும்."

"அப்ப எல்லாரும் துழாவுறது உனக்குத் தெரியுமா?"

"மொதல்லருந்தே தெரியும். 'சொல்லக்கூடாது' இங்கத்த வழக்கம்லா, அதையும் படிச்சுக்கிட்டோம். எங்களப் படைச்சவங்க எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டாங்க, அண்ணாச்சி: மனுஷன மாதிரி ஆவணும்னு. யோசிச்சுக் கண்டுபிடிக்கிறதுதான் மனுஷன்னு ஆட்டத்தோட விதிப்புத்தகத்துல போட்டிருக்கு. பாத்துப் படிக்கலாம்னு வருஷா வருஷம் கூடத்துக்கு வாறேன். பெருமூச்சத் தவிர ஒண்ணும் அகப்படல. நேத்துத்தான் மொத மொத ஒரு மனுஷன் யோசிச்சுப் பாத்தேன். பாக்க நல்லாவே இல்ல. ஆனா நெசம். எங்க ஆட்டத்துக்கு வாரீரா?"

எந்திரர்களின் ஆட்டம் காற்றுக்கூடத்தில் நடந்தது. குடியிருப்பின் சந்து பொந்தெல்லாம் காற்றுமானிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, காற்றில் உயிர்வளி எவ்வளவு என்று சொல்வது எந்திரர்களின் வேலை. அவர்கள் சொல்லும் அளவை வைத்துத்தான் காற்றுக் குழாயைத் திறப்பார்கள், மூடுவார்கள். வேலை ஒழிந்த நேரத்தில் எந்திரர்கள் வட்டமாக உட்கார்ந்து எழுத்தாட்டம் ஆடினார்கள். தங்களுக்குள் இருந்த துழாவியைத் தாங்களே பூட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆகவே அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பழைய குழாயிலும் தொட்டியிலும் முன்னோர்கள் எழுதிவைத்த ஆங்கிலச் சொற்கள் மட்டும்தான்.

ஆவுடையப்பன் போன அன்று எக்ஸும் ஒய்யும் வரவேண்டும் என்று ஆட்டம். இசக்கி என்ற எந்திரர் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. கருப்பன் என்ற எந்திரர் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தது.

"விட்டுரு இசக்கி, ஒனக்கு வராது" என்றது கருப்பனின் மடியிலிருந்த தலை.

"மொதல்ல ஒன் தலைய மாட்டிட்டுப் பேசுல."

கொஞ்ச நேரத்தில் இசக்கி, "ஆக்ஸிஜன்!" என்று கத்திக்கொண்டு பம்பரமாகச் சுற்றியது. வருஷக்கணக்காக அது சாய்ந்து நின்ற தொட்டியின் நெற்றியிலேயே ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த சொல் அது. எந்திரர்கள் கை தட்டிய சத்தத்தில் குழாய்கள் அதிர்ந்தன. ஆவுடையப்பனும் தன்னை அறியாமல் தட்டினார். தானும் விளையாடினார். 'எக்ஸ், எல்' என்றபோது ஆளிவிதைப் புட்டி நினைவுக்கு வந்து "ஃபிளாக்ஸ்" என்றார். அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம், தளவாயின் ஜன்னல் வழியாகத் தெரியும் வியாழனைவிடப் பெரியதாக இருந்தது.

பிறகு நாள் தவறாமல் போனார். கிடங்கில் புட்டி துடைக்கும்போது சீட்டைப் படித்தார். திறந்து விதையைக் கையில் கொட்டிப் பார்த்தார். மெய்ஸ் என்றால் உள்ளங்கையில் உருளும் மக்காச்சோளம். ஸ்குவாஷ் என்றால் ஒரு பூசணி. சொல்லுக்குப் பொருளும் எடையும் உண்டு என்பது அவருக்கு அதிசயமாக இருந்தது.

சில மாதம் கழித்து, நடுவர் என்ற முறையில் சுடலை ஓர் அறிவிப்புச் செய்தது. முன்னோர்களின் விதிப்புத்தகத்தில் யோசனை மதிப்பெண் என்று எதுவும் இல்லை. ஆகவே அது ரத்து. அலை வழியாகச் சொல் வாங்கி எழுதக்கூடாது என்று மட்டும் இருக்கிறது; ஆகவே இனிமேல் கூடத்தைச் சுற்றி அலைதடுப்புத் திரை கட்டப்படும்.

ஊர் கொந்தளித்தது. பெருமூச்சு ஆசிரியைக்கு மயக்கம் வந்தது. அந்த மயக்கம் நன்றாக இருந்ததாகச் சிலர் பாராட்டினார்கள். தளவாய் கூட்டத்தில் எழுந்து, "இது நம்ம பண்பாட்டு மேல கை வைக்கிற வேல! பெருமூச்சு நம்ம முன்னோர் விட்டது!" என்று முழங்கினார். ஆனால் திரை எதற்கு வேண்டாம் என்று மட்டும் ஒருவராலும் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சத்தியம் செய்தவர்கள் ஆயிற்றே.

ஆவுடையப்பன் வீட்டில் பகவதி புதுச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்தாள்.

"என்னட்டி செய்யுத?"

"ஜன்னலுக்குத் திரை தைக்கேன்."

"பாக்கத்தானட்டி ஜன்னலு?"

"அது வேற. திரை இல்லாத ஜன்னல் வச்ச வீட்டப் பாத்தா நாலு பேரு என்ன நெனைப்பாவ?"

வெளியே காற்றே கிடையாது, நாலு பேர் எங்கே வருவார்கள் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் பாடி இப்போதுதான் கேட்கிறார்.

போட்டிக்கு முந்தின வாரம் கப்பல் வந்தது. மருத்துவர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு அனுப்பிப் புதுச் செவிமணியைப் பதித்தார்.

"இது புது மாதிரி, அண்ணாச்சி. அலையே வேண்டாம். அம்புட்டுச் சொல்லும் மணிக்குள்ளேயே இருக்கு. எந்தத் திரையும் தடுக்காது."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம் டாக்டர். மருந்து வேளைக்கு மட்டும் இருந்தாப் போதும்" என்றார் ஆவுடையப்பன். அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூடத் தட்டவில்லை. காற்றுக்கூடத்தில் எந்திரர்களோடு ஆடியபோது காதுப்பக்கம் கையே போகவில்லை.

போட்டியன்று கூடத்தைச் சுற்றித் திரை தொங்கியது. எழுத்துகள் சொன்னதும் பழக்கத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், தட்டினார்கள், பிறகு நிஜமாகவே பெருமூச்சு விட்டார்கள். வெறும் பலகைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் ஆவுடையப்பன். இன்னொருவர் தளவாய். அவர் சட்டைக் கைக்குள், பனியனுக்குள், வேட்டி மடிப்புக்குள் பொடிப்பொடி எழுத்தில் சொற்கள் எழுதிய காகிதத் துண்டுகள் இருந்தன. மனிதகுலம் எப்போதோ மறந்துபோன 'பிட்டு' என்ற தொழில்நுட்பத்தை, யாரும் சொல்லித்தராமல் அவர் தானாகவே மறுபடி கண்டுபிடித்திருந்தார்.

மதிப்பெண் சமம். சுடலை கடைசிக் கேள்வியைச் சொன்னது. "ஜே, க்யூ."

தளவாய் முழங்கையைச் சொறிந்தார். இடுப்பைச் சொறிந்தார். கணுக்காலைச் சொறிந்தார். அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் என்று அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. நெற்றி நரம்பு எழுந்தது. முதல் தடவையாக, தானாக.

ஆவுடையப்பனின் வாய் திறந்துகொண்டது. கண் குத்திட்டது. அடுக்கு அடுக்காக நடந்தார். பூ விதைகள், கீரை விதைகள், கொடி விதைகள். கொடி அடுக்கின் கடைசிப் புட்டி. சிவப்பில் கறுப்புக் கண் வைத்த விதை. கீழே தமிழில் குன்றிமணி. மேலே சீட்டில்... ஜெக்குவிரிட்டி. ஜே இருக்கிறது. க்யூ இருக்கிறது. எழுத்து எழுத்தாக, பளிச்சென்று தெரிந்தது. எந்திரர்கள் வரிசையாகச் சுவரோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பகவதி மடியில் மடித்த திரைத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

எழுத வேண்டியதுதான் பாக்கி. கையில் சுண்ணக்கட்டி இருந்தது.

சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும், சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஆவுடையப்பன் காதைச் சொறிவதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். காது ஓதியது: ஜெக்குவிரிட்டி. அவர் எழுதினார்.

கூடம் ஆர்ப்பரித்தது. பகவதி அழுதாள். மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தளவாய் கை குலுக்கியபோது அவர் சட்டைக் கையிலிருந்து இரண்டு துண்டுக் காகிதம் விழுந்து, கானிமீட்டின் வழக்கப்படி, மெதுவாக, எல்லோரும் பார்க்க, ஆடி ஆடிக் கீழே இறங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை. வழக்கம்.

கூட்டம் கலைந்த பிறகு சுடலை அருகில் வந்தது.

"அண்ணாச்சி, காது சுடுது."

ஆவுடையப்பன் காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதேயும். அலை வாங்கக்கூடாதுன்னுதான் விதி, நீரு வாங்கல. ஜன்னல் வீடு ஒமக்குத்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தட்டுறதுக்கு முன்னாலயே ஒம்ம வாய் தொறந்து மூடிருச்சு. விடை கெடச்சாத்தான் அப்படி மூடும்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பொறவும் ஏன் தட்டினீரு?"

"சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டேன், சுடலை. அம்புட்டுத்தான்."

சுடலை கை கூப்பியது. பிறகு, அவர் இதுவரை அதனிடம் கேட்டிராத மரியாதையோடு பேசியது. "தெரியாதவங்க பாத்து எழுதுறது எங்களுக்குப் புரிஞ்சுது, அண்ணாச்சி. அது இல்லாமை. எல்லாம் தெரிஞ்ச ஒரு ஆளு, ஒரு தேவையும் இல்லாம, பாத்து எழுதினா அது கொணம். மனுஷன்னா யோசிக்கிறதுன்னு இம்புட்டு நாளா நாங்க தப்பாப் படிச்சிருக்கோம். இன்னைக்குத்தான் பாடம் முடிஞ்சுது. ரொம்ப நன்றி."

காற்றுக்கூடத்தில் அதன்பின் ஆட்டம் நடக்கவில்லை. எந்திரர்கள் தங்கள் துழாவியின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். இசக்கி ஒற்றைக் காலில் நிற்பதை விட்டது. கருப்பன் தலையை மாட்டிக்கொண்டது.

ஆவுடையப்பனும் பகவதியும் ஜன்னல் வீட்டுக்குக் குடிபோனார்கள். வெள்ளிக்கிழமை சம்பந்திகளைக் காப்பிக்குக் கூப்பிட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். பகவதி தைத்த திரை நன்றாக இருந்தது. எப்போதும் மூடியே இருந்தது.

ஒருநாள் காலை பகவதி, "ஏங்க, லேசா மூச்சு முட்டுது" என்றாள். ஆவுடையப்பன் காற்றுக்கூடத்தைக் கூப்பிட்டார். இசக்கி எடுத்தது. ஒரு பெருமூச்சு கேட்டது. "இல்ல, இது இருக்காது" என்ற முனகல் கேட்டது. பிறகு, "நூத்துக்கு நூறு, அண்ணாச்சி" என்றது.

"மானியப் போயிப் பாத்துட்டுத்தான சொல்லுத?"

"கருப்பனப் பாத்துச் சொல்லுதேன். அவனும் நூறுதான் எழுதியிருக்கான்."

"அவன் யாரப் பாத்து எழுதினான்?"

"அதக் கேக்கது அநாகரிகம், அண்ணாச்சி" என்றது இசக்கி.

விசாரித்ததில், குடியிருப்பின் எல்லாச் சந்திலும் நூற்றுக்கு நூறு. முன்னோர் காலத்தில்கூடக் காற்றில் இப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லை. வியாழனின் நிலவுகளிலேயே புது நாங்குநேரிதான் முதலிடம் என்று தெரிந்ததும் ஊரே பூரித்துப்போனது. குறை சொல்ல நினைத்த ஆவுடையப்பன், நூறு வாங்கியதைக் குறை சொன்னால் பொறாமை என்று நினைப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த வாரமே பொதுக்கூடத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் நாற்பது பேர் வாழ்த்துரை வழங்கினார்கள். யாருக்குமே மூன்று வாக்கியத்துக்கு மேல் மூச்சு வரவில்லை. புது நாங்குநேரியின் சரித்திரத்தில் ஒரு பாராட்டு விழா குறித்த நேரத்துக்கு முன்னால் முடிந்தது அன்றுதான்.